நகரும் செயற்கைக்கோளுக்கு ஆன்டெனாவைக் குறி வைப்பது: சேலத்து மொட்டை மாடியில் கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகச் செய்யும் வானொலித் தொடர்பு, பழகத் தொடங்கிய யாருக்கும் சீக்கிரமே ஒரு ஆசை வந்துவிடும். தலைக்கு மேலே பறந்துபோகிற ஒன்றின் குரலை, நாமே செய்த ஆன்டெனாவில் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை. சேலத்திலும் ஏற்காட்டிலும் அந்த ஆசையோடு வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் அழகாபுரத்தில் என் மாடியில் நின்று கற்றவை என்பதால் ஊர்க் கணக்கும் மலைக் கணக்கும் கூடவே வரும்.

செயற்கைக்கோள் இருக்கும் இடத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

இரண்டு கோணங்களால். ஒன்று திசைக்கோணம்: வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. இன்னொன்று ஏற்றக்கோணம்: அடிவானம் 0, உச்சந்தலைக்கு மேல் 90. ஹாம்கள் பேச்சில் அசிமுத், எலிவேஷன் என்பார்கள்.

கையில் அளவுகோல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கையை முழுதாக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. விரல்களை விரித்த சாண் 20 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கிப் பாருங்கள், ஒன்பதாவது முஷ்டி உச்சிக்குப் போய்ச் சேரும்.

எவ்வளவு துல்லியமாகக் குறி வைக்க வேண்டும்? ஒரு டிகிரி தவறினால் போச்சா?

மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை தெரியாமல்தான் பலர் தேவையில்லாத இடத்தில் பணத்தையும், தேவையில்லாத கவலையில் தூக்கத்தையும் இழக்கிறார்கள்.

உங்கள் ஆன்டெனாவின் கற்றை எவ்வளவு அகலம் என்பதுதான் விடை. யாகி என்பது ஒரு குழாயில் குறுக்குக் கம்பிகளை வரிசையாகப் பொருத்திய ஆன்டெனா; அந்தக் கம்பிகள்தான் எலிமென்ட். இரும்பு அளவு நாடாவை வெட்டிச் செய்கிற 3 எலிமென்ட் யாகி, 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 60 டிகிரி அகலத்துக்குக் கேட்கும். 437 மெகாஹெர்ட்ஸுக்கான 7 எலிமென்ட் யாகிக்கு 45 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அகலம் என்பது, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் விலகிப் போகையில் சக்தி பாதியாகும் இரண்டு ஓரங்களுக்கு நடுவே உள்ள கோணம்.

அந்த 7 எலிமென்ட் யாகியை 10 டிகிரி தவறாகக் காட்டினால் இழப்பு அரை டெசிபல்தான், காதுக்கே தெரியாது. 22 டிகிரி தவறினால் சக்தியில் பாதி, அதாவது 3 டெசிபல், போகும். 30 டிகிரி தவறினால் 5 டெசிபலுக்கு மேல் போய்விடும். அப்போதுதான் குரல் இரைச்சலுக்குள் மூழ்கும்.

ஆகவே கையில் பிடிக்கும் யாகிக்கு 10 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக இருங்கள். 20 எலிமென்ட் வைத்த நீள யாகி என்றால் கற்றை 30 டிகிரிக்குக் கீழே இறங்கும், 5 டிகிரிக்குள் வையுங்கள். 10 கிகாஹெர்ட்ஸில் 80 சென்டிமீட்டர் டிஷ் என்றால் கற்றையே இரண்டரை டிகிரிதான்; அங்கே ஒரு டிகிரிக்கும் மதிப்பு உண்டு.

வடக்கு எது என்று மொபைல் காட்டுகிறதே, அது போதாதா?

போதாது. இதில் நான் பட்ட பாடு நினைவிருக்கிறது. முதல் சில வாரங்கள் சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும்போதெல்லாம் பாதி நேரம் இரைச்சல்தான் வரும். ஆன்டெனாவைக் குறை சொன்னேன், கேபிளை மாற்றினேன், கனெக்டரைப் புதிதாகப் பற்றவைத்தேன். ஒருநாள் சும்மா மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் நடந்தபோதுதான் கண்ணில் பட்டது: கைப்பிடிச் சுவர் மூலைக்குப் போனால் ஊசி ஒரு பக்கம், தண்ணீர்த் தொட்டி அருகே இன்னொரு பக்கம். அந்த மூலையில் என்ன இருக்கிறது? அடுத்த மாடி எடுக்கும்போது உதவும் என்று தூணிலிருந்து நீட்டிவிட்ட கம்பிகள், ஆள் உயரத்துக்கு, துருப்பிடித்து நிற்கின்றன. நம் ஊரில் இந்தக் கம்பி இல்லாத மாடி குறைவு. நான் வாரக்கணக்கில் அந்தக் கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்றுதான் வடக்கைக் குறித்திருக்கிறேன். பிழை 25 டிகிரி.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் நம் பகுதியில் மிகக் குறைவு, ஓரிரு டிகிரிதான். யாகிக்கு அதை மறந்துவிடலாம். கம்பி, கிரில், தகரக் கூரை, ஸ்கூட்டர், இவைதான் எதிரிகள். கஞ்சமலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த மலையில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது அடுக்கடுக்காகக் கிடக்கிறது. இரும்பாலை அதன் அடிவாரத்தில் அமைந்ததும் தாதுவை நம்பித்தான். அங்கே திசைகாட்டியை நம்புவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

அப்படியானால் வடக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று வழிகள் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது மூன்றாவது.

முதலாவது, வரைபடம். மாடியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் டவரையோ கோயில் கோபுரத்தையோ தேர்ந்தெடுங்கள். மொபைலில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, உங்கள் மாடியையும் அந்த டவரையும் கோட்டால் இணைத்தால் கோணம் கிடைத்துவிடும். உங்கள் மாடியைக் குறிப்பதில் ஐந்து மீட்டர் தவறினாலும் பிழை 0.1 டிகிரிதான். ஏற்காட்டில் லேடீஸ் சீட் பக்கம் நின்றால் கீழே சேலம் முழுதும் அடையாளங்கள்தான்.

இரண்டாவது, துருவ நட்சத்திரம். நம் ஊர் 11.66 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் அது அடிவானத்திலிருந்து 12 டிகிரி அளவுக்கே எழும்பி நிற்கும், முஷ்டி ஒன்றுக்குச் சற்று மேலே. நகர வெளிச்சத்திலும் புழுதியிலும் தேடிப் பிடிப்பது சிரமம். கன்னங்குறிச்சி போல மலையடியில் இருப்பவர்களுக்கு மலையே மறைத்துவிடலாம்.

மூன்றாவது, சூரியன். செலவில்லை, இரும்பைக் கண்டு மிரளாது. ஆன்டெனாவின் நடுக்குழாயான பூமை சூரியனை நோக்கித் திருப்புங்கள். சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது. பூமின் பின்முனையில் ஒரு வெள்ளை அட்டையை நேர்குத்தாகப் பிடித்து நிழலை மட்டும் பாருங்கள். குறி விலகியிருந்தால் பூமின் நிழல் நீளக் கோடாக விழும். மெல்லத் திருப்பத் திருப்ப அந்தக் கோடு சுருங்கி, கடைசியில் குழாயின் குறுக்குவெட்டு அளவுக்கு ஒரு புள்ளியாகிவிடும், அதன் மேல் எலிமென்ட்கள் குறுக்குக் கோடுகளாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். அந்த நொடியில் பூம் சூரியனை நேராகப் பார்க்கிறது. வானியல் மென்பொருள் சூரியனின் இரண்டு கோணங்களையும் அந்த நிமிடத்துக்குக் காட்டும். ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரொட்டேட்டரின் மீட்டர் காட்டுவதையும் அதையும் ஒப்பிட்டால் இரண்டு அச்சின் பிழையும் ஒரே நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

காலை எட்டு, ஒன்பது மணி நல்ல நேரம். நண்பகல் வேண்டாம். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22 வாக்கில் சூரியன் சேலத்துக்கு நேர் உச்சியில் கடக்கும். அப்போது திசைக்கோணம் என்பதற்கே பொருள் இருக்காது. ஆனால் அதே சித்திரை மாதத்தில் காலைப் பொழுது முழுக்கச் சூரியன் ஏறக்குறைய கிழக்கிலேயே மேலேறும், திசை மிக மெதுவாக மாறும். நிதானமாக அளக்க அதைவிட நல்ல காலம் இல்லை.

கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று ஏன் பார்க்கச் சொல்கிறீர்கள்?

கம்பம் 5 டிகிரி சாய்ந்தால், ஒரு திசையில் ஆன்டெனா 5 டிகிரி மேலே பார்க்கும், எதிர்த் திசையில் 5 டிகிரி கீழே பார்க்கும். ஒரு திசையில் சரி செய்தால் மறு திசையில் கெடும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் போதும், இரண்டு பக்கமிருந்து பாருங்கள். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு மறுபடி பாருங்கள். யூ கிளாம்ப் இறுக்கமாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் கம்பத்தில் ஆன்டெனா சில டிகிரி நழுவித் திரும்பியிருக்கும்.

கணிப்புக்கு என்னென்ன வேண்டும்? டிஎல்இ என்றால் என்ன?

மூன்று விவரங்கள்: செயற்கைக்கோளின் பாதை, உங்கள் இடம், சரியான நேரம்.

பாதையை இரண்டு வரி எண்களாக எழுதி வைப்பார்கள், அதுதான் டிஎல்இ. செலஸ்ட்ராக் போன்ற தளங்களிலிருந்து மென்பொருளே இறக்கிக்கொள்ளும். தாழப் பறப்பவற்றைக் காற்று மண்டலம் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பதால் அவற்றின் எண்கள் சீக்கிரம் பழையதாகும். விண்வெளி நிலையத்தை அவ்வப்போது உந்தி உயரமாக்குவதும் உண்டு. அதன் பிறகு பழைய டிஎல்இ வைத்துக் காத்திருந்தால் வேறு நேரத்தில் வந்து போய்விடும். வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள், விண்வெளி நிலையத்துக்கு என்றால் அன்றைக்கே.

இடத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். மென்பொருளில் சேலம் என்று போட்டுவிட்டு ஏற்காட்டில் போய் நின்றால்கூட, நிலையம் உச்சியில் வரும்போது வரும் பிழை ஏறக்குறைய 2 டிகிரிதான். ஹாம்கள் உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள்; இரண்டு ஊரும் ஒரே கட்டத்தில், எம்.கே.91 என்ற லொக்கேட்டரில்தான் இருக்கின்றன. பேசும்போது எதிர்முனைக்குச் சொல்ல வேண்டியதும் அதுவே.

நேரத்தில்தான் கவனம். உச்சியில் நிலையம் நொடிக்கு ஒரு டிகிரி நகர்கிறது. கணினிக் கடிகாரம் பத்து நொடி பிந்தினால் 10 டிகிரி போச்சு. அப்புறம், உலக நேரமா இந்திய நேரமா என்று பாருங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நிறையப் பேர்.

ஒரு பாஸ் முழுக்க ஒரே வேகத்தில் நகருமா?

இல்லை, இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. செயற்கைக்கோள் அடிவானத்தில் எழுந்து மறையும் ஒரு கடப்பைத்தான் பாஸ் என்கிறோம். விண்வெளி நிலையம் சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. நம் உச்சிக்கு நேராக வரும் பாஸை எடுத்துக்கொள்வோம், மொத்தம் பத்தரை நிமிடம். அடிவானத்திலிருந்து 10 டிகிரி ஏற 2 நிமிடம் ஆகும். 10இலிருந்து 30க்கு ஒன்றேமுக்கால் நிமிடம். 30இலிருந்து 90 வரை, அந்த 60 டிகிரியையும் ஒன்றரை நிமிடத்தில் தாண்டிவிடும். பிறகு அதே கணக்கு தலைகீழாக இறங்கும். தொடக்கத்தில் ஆன்டெனாவை அசைக்கவே வேண்டாம் போலிருக்கும், நடுவில் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரொட்டேட்டர் வைத்தவர்களுக்கு நடுப்பகுதிதான் சோதனை. வழக்கமான ரொட்டேட்டர் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் எடுக்கும், நொடிக்கு 6 டிகிரி. உச்ச ஏற்றம் 60 டிகிரி உள்ள பாஸில் திசைக்கோணம் நொடிக்கு 2 டிகிரிக்கும் குறைவாகவே மாறும், அது சமாளிக்கும். 80 டிகிரியில் ஏறக்குறைய அதன் வேகத்துக்கு வந்துவிடும். 85 டிகிரி என்றால் நொடிக்கு 11 டிகிரி, ரொட்டேட்டர் பின்தங்கும். எலிவேஷன் 180 டிகிரி வரை போகிற மாடல் என்றால் திசையைத் திருப்பாமலே பின்பக்கமாகக் கவிழ்த்து மறுபுறம் இறங்கலாம். இல்லையென்றால், கற்றை அகலமான யாகியை 90 டிகிரிக்கு நிமிர்த்தி அப்படியே விட்டுவிடுங்கள். உச்சிக்கு அருகில் இருக்கிற அந்த நொடிகளில் திசை எதுவாக இருந்தாலும் செயற்கைக்கோள் கற்றைக்குள்தான் இருக்கும்.

சேலத்தைச் சுற்றி மலைதானே? மறைக்காதா?

மறைக்கும். வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை, வடகிழக்கில் சேர்வராயன். கிண்ணத்துக்குள் இருக்கிறோம். என் மாடியிலிருந்து சேர்வராயன் விளிம்பு 8 டிகிரி எழும்பி நிற்கிறது. அந்தப் பக்கம் உதிக்கும் பாஸில் ஒன்றேமுக்கால் நிமிடம் மலைக்குப் போய்விடும். ஒரு மாலை நேரம் ஒதுக்கி, முஷ்டிக் கணக்கில் மலை விளிம்பைச் சுற்றி அளந்து ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். இனி எந்த பாஸ் எப்போது மலைக்கு மேலே வரும் என்று நிமிடக் கணக்காகச் சொல்லிவிடலாம்.

ஏற்காட்டுக்குப் போனால் கதை வேறு. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி 1500 மீட்டர் உயரத்துக்குப் போய், விளிம்பில் திறந்த இடம் கிடைத்தால் அடிவானத்திலேயே பிடிக்கலாம். மூடுபனியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், 145க்கும் 437க்கும் அது ஒன்றும் செய்யாது. காபித் தோட்டத்துக்குள் நனைந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்றால்தான் 437இல் சிக்னல் குறையும். கோடை இடி வந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

ரொட்டேட்டர் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். கை போதும். பாஸ் தொடங்கும் திசை, உச்ச ஏற்றத்தின் திசையும் கோணமும், முடியும் திசை, இந்த மூன்றையும் மாடித் தரையில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் காது வழி காட்டும். தனியாக, தினமும், பேசிக்கொண்டே பதிவும் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தபின் ரொட்டேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

சரியாகத்தான் காட்டுகிறேன், ஆனாலும் சத்தம் வந்து வந்து போகிறதே?

திசை சரி, முனைவாக்கம் (அலை நின்றவாக்கில் வருகிறதா, படுத்தவாக்கில் வருகிறதா என்பது) தவறு. செயற்கைக்கோள் சுழன்றுகொண்டே வருவதால் அதன் ஆன்டெனா ஒரு சமயம் படுத்திருக்கும், ஒரு சமயம் நிற்கும். உங்கள் யாகி அதற்குக் குறுக்காக இருந்தால் 20 டெசிபல்கூடப் போய்விடும். குறியை மாற்றாமல் மணிக்கட்டை மட்டும் கால் சுற்று திருப்புங்கள், குரல் தெளிந்து எழும்பும். புதியவர்கள் இந்த இடத்தில்தான் திசையைத் தேடி அலைந்து பாஸைத் தொலைக்கிறார்கள். முதலில் மணிக்கட்டு, அப்புறம்தான் திசை. நிலையாகப் பொருத்துபவர்கள் குறுக்கு யாகி வைத்து வட்ட முனைவாக்கம் செய்தால் 3 டெசிபல் இழப்போடு இந்தத் தொல்லை தீரும்.

டாப்ளருக்கும் குறிக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. செயற்கைக்கோள் நெருங்கும்போது அலைவரிசை கூடியும் விலகும்போது குறைந்தும் கேட்பதுதான் டாப்ளர். ஆனால் அலைவரிசை நழுவியதைக் குறி தவறியதாக நினைத்துக்கொள்வோம். 2002 டிசம்பரில் ஏவப்பட்ட எஸ்ஓ-50 என்ற செயற்கைக்கோள் 436.795 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. வரும்போது 436.805இல் கேட்கத் தொடங்கி, 5 கிலோஹெர்ட்ஸ் படிகளாக இறங்கி, போகும்போது 436.785இல் முடிப்பீர்கள். ஐந்து மெமரியில் வரிசையாகப் போட்டு வைத்தால் ஒரு பொத்தானில் வேலை முடியும். 145 மெகாஹெர்ட்ஸில் நகர்வு மூன்றில் ஒரு பங்குதான், எஃப்எம்முக்கு விட்டுவிடலாம்.

நகராத செயற்கைக்கோள் இல்லையா?

ஒன்று இருக்கிறது. 2018 நவம்பரில் ஏவிய கத்தார் நாட்டு எஸ்ஹெய்ல்-2இல் ஹாம்களுக்கென்று வைத்த கியூஓ-100. கிழக்கு 25.9 டிகிரியில் நிலையாக நிற்கிறது. சேலத்திலிருந்து திசைக்கோணம் 261, ஏற்றக்கோணம் 29, மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே. கீழிறங்கும் சிக்னல் 10 கிகாஹெர்ட்ஸ் என்பதால் டிஷ் வேண்டும், குறியும் ஒரு டிகிரிக்குள் வேண்டும். ஒருமுறை வைத்து இறுக்கிவிட்டால் போதும்.

ஆனால் நகர்வதைத் துரத்துவதில் உள்ள மகிழ்ச்சி தனி. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிச்சென்ற நம் ஹாம்சாட், விஓ-52 என்ற பெயரில் 2014 ஜூலை வரை உலகம் முழுக்க ஹாம்களைப் பேச வைத்தது. அதன் குரல் நின்ற செய்தி வந்த நாள் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. 1974இல் ஏவிய ஏஓ-7 என்ற ஹாம் செயற்கைக்கோளின் கதை அதற்கு நேர்மாறு. 1981இல் பேட்டரி கெட்டு மௌனமானது, 2002இல் தானாகவே மறுபடி பேசியது. இப்போது பேட்டரி இல்லாமல், வெயில் படும்போது மட்டும் விழித்திருக்கிறது. அது தெற்கிலிருந்து ஏறி வரும்போது யாகியை அந்தப் பக்கம் திருப்பாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

என் குறி சரியாக இருந்ததா என்று பாஸ் முடிந்தபின் எப்படித் தெரிந்துகொள்வது?

விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.800 மெகாஹெர்ட்ஸில் எஸ்எஸ்டிவி படங்களை, அதாவது ஒலியாக மாற்றி அனுப்பும் படங்களை, அனுப்பும். வழக்கமான முறையில் ஒரு படம் இறங்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், மேலிருந்து கீழாக வரி வரியாக. ஒவ்வொரு வரியும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தின் பதிவு. நீங்கள் குறி தவறிய கணம் அந்த வரியில் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கும். என்னிடம் ஒரு படம் இருக்கிறது: மேல் பாதி கண்ணாடி போலத் தெளிவு, நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் பொரி, பிறகு மறுபடி தெளிவு. அந்த இரண்டு விரல், நான் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்த நேரம். அதற்குப் பிறகு தொட்டிக்கு மறுபக்கம் நின்றே பாஸைத் தொடங்குகிறேன்.

முதல் முறை எதை, எப்போது முயல்வது?

அனுப்புவதற்கு ஹாம் உரிமம் கட்டாயம். தேர்வு எழுதி மத்திய தொலைத்தொடர்புத் துறையிடம் பெற வேண்டும். அதுவரை கேட்டே பழகுங்கள், குறி வைக்கும் கலை முழுவதையும் கேட்டே கற்கலாம். விண்வெளி நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள், சிக்னல் பலமாக இருக்கும். உச்ச ஏற்றம் 40க்கும் 60க்கும் இடைப்பட்ட, இருட்டிய பிறகு முதல் ஒரு மணி நேரத்துக்குள் வருகிற பாஸாகப் பாருங்கள். அந்த வேளையில் நம் மாடி இருட்டில் இருக்கும், 420 கிலோமீட்டர் உயரத்தில் நிலையத்தின் மேல் இன்னும் வெயில் இருக்கும். எந்த மென்பொருளும் வேண்டாம்: மலைக்கு மேலே, கண் சிமிட்டாத ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்து வரும். பூமை நேராக அதன் மேல் வைத்து, கூடவே திருப்பிக்கொண்டு போங்கள்.